மதுரையில் எஃப்.எம். தூர வேட்டை: காசை ரேடியோவில் போடுவதா, ஆன்டெனாவில் போடுவதா?

மதுரை நகருக்குள் இருந்துகொண்டு வெளியூர் எஃப்.எம். பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது டிவி பூஸ்டர். அது வீண் செலவு. தூரத்து நிலையம் மெலிந்து வருவது பாதிச் சிக்கல்தான். உள்ளூர் நிலையங்கள் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பது மீதிப் பாதி. 91.9-இல் சூரியன், 98.3-இல் மிர்ச்சி, 103.3-இல் ஆகாசவாணி, 106.4-இல் ஹலோ என்று ஊருக்குள்ளேயே பலத்த அலைகள் நிற்கின்றன. போதாததற்கு மேற்கே கொடைக்கானல் 100.5 மெகா ஹெர்ட்ஸில் 10 கிலோவாட்டோடு, இரண்டாயிரம் மீட்டருக்கு மேலிருந்து சமவெளியைப் பார்த்து ஒலிபரப்புகிறது. பூஸ்டர் இவற்றையெல்லாம் சேர்த்தே பெருக்கும். ரேடியோ திணறும், இருந்த ஒன்றிரண்டு வெளியூர் நிலையமும் போய்விடும்.

ஆகவே கேள்விக்குப் பதில் நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்தது. மாசி வீதிகள், சிம்மக்கல், கே.கே.நகர், அண்ணாநகர், பழங்காநத்தம் போன்ற நகர்ப்பகுதி என்றால் முதல் காசு நல்ல ரேடியோவுக்கு. மேலூர், திருமங்கலம், திருப்புவனம் தாண்டி, சுற்றிலும் வயலும் கண்மாயுமாக இருக்கிற இடம் என்றால் முதல் காசு ஆன்டெனாவுக்கு. இதை மாற்றிச் செய்தவர்கள்தான் “மதுரையில் ஒன்றும் எடுக்காது” என்று சொல்லித் திரிகிறார்கள்.

எது எட்டும், எது எட்டாது

சாமான் வாங்குமுன் எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதைக் கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும். ஒலிபரப்புக் கோபுரத்தின் உயரத்தையும் உங்கள் ஆன்டெனாவின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனியே வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12-ஆல் பெருக்குங்கள். நேராக எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். நூறு மீட்டர் கோபுரம், மொட்டை மாடியில் 9 மீட்டர் உயர ஆன்டெனா என்றால் சுமார் 54 கி.மீ. கொடைக்கானலுக்கு இதே கணக்கு 200 கி.மீ. வரை போகிறது. மதுரைக்கு அது 77 கி.மீ.தான். அதனால்தான் கொடை எஃப்.எம். இங்கே வெளியூர் நிலையமாகவே தோன்றுவதில்லை.

திருச்சி 102.1 சுமார் 115 கி.மீ. நேர்ப்பார்வைக்கு அப்பால், ஆனால் நல்ல ஆன்டெனாவுக்கு இரைச்சலோடு எட்டக்கூடிய தூரம். சங்கடம் என்னவென்றால், மீனாட்சி கோயிலில் நின்று திருச்சி இருக்கும் திசையைப் பார்த்தால் ஏறக்குறைய அதே கோட்டில் அழகர்மலை நிற்கிறது. மேலூர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. மலை அவருக்கு மேற்கே ஒதுங்கிவிடுகிறது. நகரத்தில் நாலு மாடி உயரத்தில் இருப்பவரைவிட மேலூரில் ஓட்டு வீட்டுக்காரருக்குத் திருச்சி நன்றாக வருவதற்கு வேறு மந்திரம் எதுவும் இல்லை. கேரளத்து நிலையங்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை பெரிய சுவர். தேவிகுளம் 101.4 வரைபடத்தில் திருச்சி அளவு தூரம்தான். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் பாடு அதிகம்.

கிழக்கு மட்டும் திறந்த வாசல். சிவகங்கை வழியாகக் கடற்கரை வரை தட்டை நிலம், அதன்பின் பாக் நீரிணை. அதே திசையில், சற்றுத் தெற்கே சாய்ந்து, சுமார் 260 கி.மீ. தள்ளி, கிளிநொச்சிக்குத் தெற்கே கொக்காவில் கோபுரம் இருக்கிறது. 2011-இல் திறந்தது, உயரம் 174 மீட்டர். மேலே சொன்ன கணக்குப்படி அது எட்டவே கூடாது. ஆனால் காற்றில்லாத இரவில் கடல்மேல் ஈரமும் குளிர்ச்சியுமான காற்று அடியிலும், உலர்ந்த சூடான காற்று மேலேயும் படிந்துவிட்டால் அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு குழாயில் தண்ணீர் போல நெடுந்தூரம் ஓடிவரும். 1980-களில் நம் தென் கடலோர வீடுகளில் இலங்கையின் ரூபவாஹினி தெரிந்ததில் அங்குள்ள மலைக் கோபுரத்தின் உயரத்தோடு இந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு. மாசி முதல் சித்திரை வரை, விடியற்காலை நாலு மணியிலிருந்து வெயில் ஏறும் வரை காத்திருப்பது பலன் தரும். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் அடுக்கு கலைந்துவிடும், அன்று தூங்கலாம்.

ஐரோப்பியர் எழுதுவதைப் படித்துவிட்டு மே முதல் ஆகஸ்ட் வரை அயனி மண்டலத்தின் இ-அடுக்கு 2000 கி.மீ. தூரத்து நிலையத்தைக் கொண்டுவந்து கொட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரம் அருகே தும்பாவைத் தேர்ந்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டருகே இ-அடுக்கின் குணமே வேறு. நூறு மெகா ஹெர்ட்ஸை அரிதாகத்தான் திருப்பி அனுப்புகிறது.

ரேடியோக்கள்: ஐந்து வழி

செல்போனில் எஃப்.எம். இருந்தால் செலவில்லை. இயர்போன் வயர்தான் அதற்கு ஆன்டெனா. 2023-இல் மத்திய மின்னணு அமைச்சகம் போன் தயாரிப்பாளர்களை எஃப்.எம். வசதியை அடைக்காமல் வைக்கச் சொன்னது. இருந்தும் இயர்போன் துளையே இல்லாத போன்கள் பெருகிவிட்டன. பட்டை அகலத்தை, அதாவது ரேடியோ ஒரு நேரத்தில் உள்ளே விடும் அலைவெண் அகலத்தை, மாற்ற முடியாது, வெளி ஆன்டெனா மாட்ட முடியாது. எந்தெந்த நிலையம் தினமும் வருகிறது என்று பட்டியல் போட மட்டும் உதவும். அந்தப் பட்டியல் இல்லாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்பதால் இதையும் சேர்த்தோம்.

டிஜிட்டல் சிப் வைத்த கைரேடியோக்கள் அடுத்தது. எக்ஸ்எச்டேட்டா டி-808, டெக்சன் பிஎல்-330 போன்றவை. உணர்திறன் நன்றாகவே இருக்கும். கம்பி ஆன்டெனாவை முழுவதும் இழுத்தால் கால் அலை நீளத்துக்கு, அதாவது 73 செ.மீ.க்குக் கிட்ட வந்தால் போதும். அதற்குமேல் நீட்டி லாபமில்லை. ஊருக்கு வெளியே, வரப்பில் வைத்துக் கேட்க இவை போதும். நகருக்குள் இவற்றின் குறை பளிச்சென்று தெரியும்: 93.3-இலும் 104.7-இலும் இல்லாத நிலையம் பேசும். இரண்டு பலமான அலைகள் ரேடியோவுக்குள் மோதிக்கொள்வதால் வரும் போலிகள் இவை. கணக்கும் எளிது. 98.3-ஐ இரட்டித்து 103.3-ஐக் கழித்தால் 93.3, 91.9-ஐக் கழித்தால் 104.7. ஆன்டெனாவை அரைவாசி மடக்கும்போது நிலையம் சட்டென்று மறைந்தால் அது போலி. உண்மையான நிலையம் படிப்படியாகத்தான் மெலியும்.

மூன்றாவது, இன்று இந்தப் பொழுதுபோக்கையே மாற்றிவிட்ட டிஇஎஃப்6686. என்எக்ஸ்பி நிறுவனம் கார் ரேடியோவுக்காகச் செய்த சிப் இது. சிறு திரையும் பேட்டரியும் சேர்த்துக் கையடக்க ரேடியோவாக இணையத்தில் விற்கிறார்கள். விலை சில ஆயிரம். கார் நகரத்துக் கோபுரங்களுக்கு அடியிலேயே ஓடுகிற வண்டி; அதற்காகச் செய்த சிப் பலமான அலைக்கு அஞ்சாது. இன்னும் முக்கியமானது, பட்டை அகலத்தை 311 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 56 வரை படிப்படியாகக் குறைக்கலாம். இதன் அருமையைக் காட்ட ஓர் உரைகல் இருக்கிறது. காரைக்கால் 100.3-இல் ஒலிபரப்புகிறது, கொடைக்கானல் 100.5-இல். இடைவெளி வெறும் 200 கிலோ ஹெர்ட்ஸ். சாதாரண ரேடியோவில் 100.3-க்குத் திருப்பினால் கொடைதான் கரகரக்கும். டிஇஎஃப்-இல் அகலத்தை 114-க்கோ 84-க்கோ இறக்கி, ஆன்டெனாவைக் கிழக்கு-வடகிழக்காகத் திருப்பினால், நல்ல விடியலில் காரைக்காலுக்கு வழி திறக்கும். அகலத்தைக் குறைக்கக் குறைக்க ஒலி நசுங்கும், ஸ்டீரியோ போய் மோனோவாகும். வேட்டைக்கு அது பொருட்டல்ல; பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் அகலத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள். அமைப்பில் டி-எம்ஃபசிஸ் (கீச்சு ஒலியைத் தணிக்கும் அளவு) 50 மைக்ரோ நொடியில் இருக்கட்டும்; 75-இல் இருந்தால் குரல் மந்தமாகக் கேட்கும்.

இதற்கும் குறை உண்டு. பெட்டி சிறிது, கம்பி ஆன்டெனாவுக்கு எதிர்முனையாக நிற்கப் போதிய உலோகம் இல்லை. ஹெட்போன் வயரை நீளமாகத் தொங்கவிட்டால் அதுவே தரையாக வேலை செய்து ஒலி தேறும். சார்ஜ் போட்டபடி கேட்கவே கூடாது. சார்ஜரின் இரைச்சல் நேராக உள்ளே வரும்.

நான்காவது, கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள். பட்டையைக் கண்ணால் பார்க்கலாம், படுத்துத் தூங்கிக்கொண்டே பதிவு செய்யலாம். விடியற்காலைக் குழாய் பத்து நிமிடம் திறந்து மூடிவிட்டாலும் பதிவில் மாட்டியிருக்கும். வேறு எந்த ரேடியோவும் இந்த வசதியைத் தராது. ஆனால் இது 8 பிட் கருவி, அலையை அளக்கும் படிகள் குறைவு. பலமான உள்ளூர் அலை வந்தால் அளவுகோல் முழுவதையும் அதுவே பிடித்துக்கொள்ளும், மெலிந்த நிலையம் அடிமட்ட இரைச்சலில் மூழ்கும். தானியங்கி கெயினை அணைத்துவிட்டு, தளத்தின் இரைச்சல் லேசாக உயரும் புள்ளி வரை மட்டும் கையால் ஏற்றுங்கள். ஒரே நேரத்தில் 2.4 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் நம்பிப் பதிவு செய்யலாம். மூலப் பதிவு ஒரு மணிக்கு 17 ஜிபி தின்னும், 16 பிட் கோப்பாகச் சேமித்தால் அதன் இரட்டிப்பு. நகருக்குள் டாங்கிளை முதல் ரேடியோவாக வாங்குவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. மேலூர், சிவகங்கைப் பக்கம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஓர் எச்சரிக்கை: டாங்கிளோடு சேர்த்து விற்கும் “எஃப்.எம். ஃபில்டர்” 88 முதல் 108 வரை மொத்தமாக அடைப்பதற்கானது. பேரைப் பார்த்து வாங்கிவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு.

கடைசியாக, பழைய மியூசிக் சிஸ்டம் டியூனர். மீனாட்சி பஜார்ப் பக்கம் கண்ணில் படும் பழைய பெட்டிகளில் நல்ல முன்பகுதி (ஆன்டெனா அலையை முதலில் வாங்கும் சுற்று) வைத்தவை இருக்கும். உள்ளே 10.7 மெகா ஹெர்ட்ஸ் செராமிக் ஃபில்டர், மூன்று கால் உள்ள சிறு துண்டு, வழக்கமாக 230 அல்லது 280 கிலோ ஹெர்ட்ஸ் அகலம். அதைக் கழற்றி 150 அல்லது 110 அகலத்துக்கு மாற்றினால் பிரிக்கும் திறன் கூடும். புதியதன் தலையில் உள்ள வண்ணப்புள்ளி பழையதோடு ஒத்திருக்க வேண்டும். புள்ளி மைய அலைவெண்ணைக் குறிப்பது. வண்ணம் மாறினால் மையம் விலகி எல்லா நிலையமும் கரகரக்கும். சால்டரிங் கை பழகியவருக்கு மலிவான வழி. மற்றவர்கள் அதே காசை டிஇஎஃப்-இல் போடலாம்.

ஆன்டெனா

அடுக்குமாடி வீடு, மாடிச் சாவி கிடைக்காது என்றால் 300 ஓம் தட்டை வயரில் மடிப்பு டைபோல் (நடுவிலிருந்து இருபக்கமும் நீண்டு, முனைகள் மடிந்து சேரும் ஆன்டெனா) செய்து சன்னலோரம் ஒட்டுங்கள். அலை நுழையும் திசையில் கம்பிக் கதவோ இரும்பு கிரில்லோ இருந்தால் பாதி போய்விடும். அங்கே ஆன்டெனாவைப் பெரிதாக்குவதைவிட எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், மலிவு சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து இரைச்சலின் மூலத்தைப் பிடிப்பது பெரிய லாபம். கரண்ட் போன நேரம் அருமையான நேரம். அப்போது மட்டும் நன்றாக வருகிறதென்றால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயோ தெருவிலேயோதான்.

மொட்டை மாடி கிடைத்தால் சாதாரண டைபோலுக்கும், ஒரே திசையை நோக்கி எடுக்கும் மூன்று குச்சி யாகிக்கும் இடையில்தான் உண்மையான தேர்வு. டைபோல்: 10 மி.மீ. அலுமினியக் குழாய், பக்கத்துக்கு 73 செ.மீ. வீதம் இரண்டு, நடுவில் சிறு இடைவெளி, ஆர்ஜி-6 கேபிள். அரைநாள் வேலை. இதன் சிறப்பு எடுப்பதில் இல்லை, தள்ளுவதில். முனைப்பக்கமிருந்து வரும் அலையை இது ஏறக்குறைய காதில் வாங்காது. கொடைக்கானல் தொல்லை என்றால் டைபோலின் ஒரு முனையை மேற்கு-வடமேற்காகக் காட்டுங்கள். வேண்டிய நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட வேண்டாத நிலையத்துக்கு முனையைக் காட்டுவது பலமுறை அதிகப் பலன் தரும், ஏனென்றால் ஆன்டெனா அலையை வாங்காத பள்ளம், நன்றாக வாங்கும் சிகரத்தைவிடக் கூர்மையானது.

யாகி: பின்குச்சி 160 செ.மீ., நடு டைபோல் 146, முன்குச்சி 128. பின்னுக்கும் நடுவுக்கும் 60 செ.மீ., நடுவுக்கும் முன்னுக்கும் 45. தாங்கும் குழாய் 120 செ.மீ. இந்த அளவுகள் குச்சிகள் பிவிசி குழாயில் நிற்பதற்கு. உலோகக் குழாயில் நேராகத் துளைத்துச் செருகினால் நீளம் மாறும். மதுரை வெயிலில் மெல்லிய பிவிசி வளைந்து தொங்கும், கனத்த சுவர் உள்ளதை வாங்குங்கள். பட்டை முழுவதும் சேர்த்துப் பார்த்தால் டைபோலைவிட 4, 5 டெசிபல் கூடுதல். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்தான் விலைமதிப்பற்றது. இலங்கைக்காகக் கிழக்கே திருப்பியதும் கொடைக்கானல் தானாகவே முதுகுப்பக்கம் போய்விடுகிறது. மதுரையின் அமைப்பே இந்த ஆன்டெனாவுக்குச் சாதகம்.

ஐந்து, ஏழு குச்சி வேண்டாமா என்றால், காற்றுக்குத் தாங்கும் கம்பமும் இடமும் இருக்கிறவர்கள் செய்யலாம். மூன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது கிடைக்கும் லாபத்தை, கம்பத்தை இன்னும் மூன்று மீட்டர் உயர்த்தியும் ஈட்டலாம்.

கேபிள் சேரும் இடத்தில்தான் பெரும்பாலான ஆன்டெனாக்கள் சாகின்றன. செம்பு நேராக அலுமினியத்தைத் தொட்டால் ஒரு மழைக்காலத்தில் அலுமினியம் வெள்ளை பூத்து அரித்துவிடும். ஈயம் பூசிய வளைய லக், எவர்சில்வர் திருகு, எவர்சில்வர் வாஷர் போட்டு, மேலே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். அதற்குக் கீழே கேபிளை 15 செ.மீ. விட்டத்தில் ஐந்தாறு சுற்றுச் சுருட்டிக் கட்டினால் கேபிளின் வெளித்தோல் ஆன்டெனாவாக மாறி வீட்டு இரைச்சலை ஏற்றுவது குறையும். ஆர்ஜி-6 நூறு மெகா ஹெர்ட்ஸில் 15 மீட்டருக்கு ஒரு டெசிபல்தான் தின்னும். இந்த நீளத்துக்குப் பூஸ்டர் அவசியமே இல்லை. குச்சிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ மாற்றி நிறுத்தும்படி பிடிப்பானை அமையுங்கள், நிலையத்துக்கு நிலையம் வித்தியாசம் தெரியும். மோட்டார் வைத்துத் திருப்புவது ஆடம்பரம். பெரிய ஜிஐ குழாய்க்குள் சிறிய குழாயைச் செருகிக் கையால் திருப்பினால் போதும். மின்கம்பியிலிருந்து, கம்பம் சாய்ந்தாலும் தொடாத தூரத்தில் நிறுத்துங்கள். கோடை இடியும் ஐப்பசி இடியும் தொடங்கும் முன் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். அழகர்கோவில், திருப்பரங்குன்றம் பக்கத்து வீடுகளில் குரங்கு ஊஞ்சலாடும். அங்கே 10 மி.மீ. குழாய் நிற்காது, 16 மி.மீ. போடவும்.

கேபிள் துண்டு வடிகட்டி

உள்ளூர் நிலையத்தை மட்டும் அடைக்க, கால் அலை நீளக் கேபிள் துண்டை டி-கனெக்டரில் மாட்டச் சொல்லும் யோசனை நெடுநாளாகச் சுற்றுகிறது. 103.3-க்கு ஆர்ஜி-6-இல் சுமார் 60 செ.மீ., முனை திறந்தபடி. நடுப்புள்ளியில் நன்றாகவே அடைக்கும். ஆனால் ஐந்து மெகா ஹெர்ட்ஸ் தள்ளியும் 15 டெசிபல் போல வெட்டிவிடும், திருச்சி 102.1-ஐக் காப்பாற்ற 103.3-ஐ அடைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பட்டை அகலம் குறுகிய ரேடியோவும் திருப்பக்கூடிய ஆன்டெனாவும் செய்யும் வேலையை இந்தத் துண்டு செய்யாது.

வீட்டில் கம்பமா, வண்டியில் பயணமா

கம்பம் நட முடியாதவர்களுக்கு மூன்றாவது வழி, காரும் அதன் ரேடியோவும். திண்டுக்கல் வழியாகச் சிறுமலை ஏறி ஆயிரம் மீட்டர் போல உயரத்தில் நின்றால், நூறு மீட்டர் கோபுரங்கள் 170 கி.மீ. வரை கணக்கில் வந்துவிடும்; அழகர்மலைச் சிக்கலும் கிடையாது. ஆனால் அங்கே கொடைக்கானல் இன்னும் பலமாக அடிக்கும். இலங்கைதான் இலக்கு என்றால் மலை வேண்டாம், தொண்டிக்கோ தேவிபட்டினத்துக்கோ போய்க் கடலைப் பார்த்து நிறுத்துங்கள். தனுஷ்கோடி முனையில் தலைமன்னார் முப்பது கி.மீ.தான், அங்கே இலங்கை நிலையங்கள் உள்ளூர் போலவே வரும், அதனால் வேட்டை என்ற சுவை இருக்காது. என்ஜினை அணைத்துவிட்டு, டேஷ்கேமரா, போன் சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கியபின் கேளுங்கள்.

பிடித்ததை உறுதி செய்வது

ஹலோ எஃப்.எம். 106.4 என்ற அதே எண்ணில் சென்னை, கோவை, திருச்சியிலும் ஒலிக்கிறது. மதுரையில் அந்த எண்ணில் வேறு ஊரைத் தேடுவது வீண். ஆகாசவாணி நிலையங்கள் ஒரே செய்தியை அஞ்சல் செய்யும் நேரத்தில் ஊர் தெரியாது. அஞ்சல் முடிந்து உள்ளூர் அறிவிப்பு வரும் வரை பொறுங்கள். ஆர்டிஎஸ் எழுத்து (நிலையம் ஒலியோடு சேர்த்து அனுப்பும், திரையில் தெரியும் பெயர்) வந்தால் நல்லது, ஆனால் மெலிந்த அலையில் அது அரைகுறையாகவே வரும்.

இலங்கைக்கு நேர அறிவிப்பு துணை செய்யாது. 2006 முதல் அவர்கள் கடிகாரமும் நம் கடிகாரமும் ஒன்றே. சிங்களம் கேட்டால் சந்தேகமில்லை. தமிழ் கேட்டால் விளம்பரத்தில் வரும் ஊர்ப் பெயரையும், 07-இல் தொடங்கும் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணையும் கவனியுங்கள். குறிப்பாக அறிவிப்பாளர் “சூரியன் எஃப்.எம்.” என்று சொன்னதும் உள்ளூர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொழும்பிலிருந்து இயங்கும் ஒரு தமிழ் நிலையத்துக்கும் அதே பெயர்தான், 91.9-க்கு வெளியே அந்தப் பெயர் கேட்டால் உடனே பதிவை அழுத்திவிட்டு, விளம்பர இடைவேளை வரை அலைவரிசையை மாற்றாதீர்கள்.